20 மாதக் குழந்தைக்கு எடை கூட புரோபயாட்டிக் பவுடர்: எத்தனை நாள், எவ்வளவு, தேவைதானா?

தளிர்நடை (கேள்வி)

வணக்கம். பெண் குழந்தை, 20 மாதம், நிறைமாதத்தில் பிறந்தவள். அளவுகள் இப்படி:

12 மாதம்: 8.2 கிலோ, 72.3 செ.மீ.
18 மாதம்: 9.3 கிலோ, 78.6 செ.மீ.
20 மாதம்: 9.2 கிலோ, 80.2 செ.மீ.

காதுத் தொற்றுக்காக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் 7 நாள் கொடுத்தோம். மூன்றாம் நாளிலிருந்து தினமும் நாலைந்து தடவை தண்ணீராகப் போனாள். மருந்து முடிந்த சில நாளில் அது நின்றுவிட்டது. இப்போது மலம் இயல்பு, காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள். சாப்பாடுதான் இறங்கவில்லை. திட உணவு இரண்டு வேளை, அதுவும் நாலைந்து ஸ்பூனோடு சரி. பால் மட்டும் பாட்டிலில் 800 மி.லி. வரை போகிறது, இரவில் இரண்டு பாட்டில் உட்பட.

மருந்துக்கடையில் ஒரு புரோபயாட்டிக் சாஷே கொடுத்து, "குடல் சரியானால் எடை தானாக ஏறும், மூன்று மாதம் விடாமல் கொடுங்கள்" என்றார்கள். பாக்கெட்டின் பின்னால் இருப்பது: லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம், சாக்கரோமைசஸ் பௌலார்டி, அதோடு எஃப்ஓஎஸ் என்ற நார்ச்சத்து. "மொத்தம் 125 கோடி உயிரணுக்கள், தயாரிப்பின்போது."

இது எடையைக் கூட்டுமா? கூட்டும் என்றால் எத்தனை நாள்? வெதுவெதுப்பான பாலில் கலக்கலாமா? தயிர் கொடுத்தால் இதே பலன் கிடைக்குமா?

---

மழலைநலம் (குழந்தைகள் மருத்துவர்)

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பதில் அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடத்தில் பெண் குழந்தைக்கு 12 மாதத்தில் நடுக்கோடு 8.9 கிலோ, மைனஸ் 1 கோடு (நடுக்கோட்டுக்கு ஒரு படி கீழே உள்ள கோடு) 7.9. உங்கள் குழந்தை இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். 18 மாதத்தில் மைனஸ் 1 கோடு 9.1, அதற்குச் சற்று மேலே 9.3. இப்போது அதே கோடு 9.4, அவள் 9.2. எடை குறைவு என்று சொல்ல மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே போக வேண்டும், இந்த வயதில் அது 8.4. ஆக அபாயக் கட்டத்தில் இல்லை. ஆனால் 12 மாதத்திலிருந்தே மெதுவாகச் சரிந்து வந்திருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். கடைசி இரண்டு மாதச் சறுக்கலுக்கு மட்டும்தான் வயிற்றுப்போக்கைக் காரணம் சொல்லலாம், அதற்கு முந்தையதற்கு முடியாது.

நீளம் 8 மாதத்தில் 7.9 செ.மீ. கூடியிருக்கிறது, நல்ல வேகம். எடை தளர்ந்து நீளம் ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே போகும் கலோரி போதவில்லை என்று பொருள். எடை சரியாக இருந்து நீளம் மட்டும் நின்றுபோவது வேறு கதை. அப்போது தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் பக்கம் தேட வேண்டிவரும். இங்கே அது இல்லை.

இனி புரோபயாட்டிக், அதாவது உடலுக்கு நன்மை தரும் என்று உயிரோடு கொடுக்கப்படும் நுண்ணுயிர்கள். நன்றாக வளரும் குழந்தைக்குப் புரோபயாட்டிக் கொடுத்தால் கூடுதலாக வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புரோபயாட்டிக் சேர்த்த பால்பவுடரிலும் குழந்தைகளின் வளர்ச்சி சாதாரணப் பால்பவுடரில் இருக்கும் அதே அளவுதான். ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளில் பார்த்தாலும் படம் கலவையானது. 2009இல் மலாவியில் கடும் ஊட்டக்குறைவுள்ள 795 குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவோடு புரோபயாட்டிக்கும் நார்ச்சத்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானவர்கள் புரோபயாட்டிக் பெற்ற பக்கம் 53.9 சதவீதம், பெறாத பக்கம் 51.3. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். 2022இல் வெளியான வங்கதேச ஆய்வில், 2 முதல் 6 மாதத்துக்குள் கடும் ஊட்டக்குறைவோடு இருந்த கைக்குழந்தைகளுக்கு பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் வகையின் ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெயினை (ஒரே இனத்துக்குள் உள்ள தனி உள்வகையை) 4 வாரம் கொடுத்ததில் எடை கூடியது. அந்தப் பாக்டீரியா தாய்ப்பாலில் உள்ள சிறப்புச் சர்க்கரைகளைத் தின்று வாழ்வது. அந்த வயது, அந்த நிலை, அந்த ஸ்ட்ரெயின் மூன்றும் சேர்ந்த முடிவு அது. 20 மாதக் குழந்தைக்கு வேறொரு கலவையைக் கொடுக்க அதைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தருவது 2021இல் வந்த இன்னொரு வங்கதேச ஆய்வு. 12 முதல் 18 மாதக் குழந்தைகள், மிதமான ஊட்டக்குறைவு. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை உணவு, மற்றதற்குக் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்த கலவை, மூன்று மாதம். இரண்டாவது கலவையில் கலோரி குறைவு, ஆனாலும் அந்தக் குழந்தைகளின் எடை வேகமாக ஏறியது. வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவராமல், ஏற்கெனவே குடலில் இருப்பவற்றுக்குச் சரியான தீனி போட்டார்கள்.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். கிளாவுலனேட் குடலின் அசைவைக் கூட்டும். ஆன்டிபயாட்டிக் குடல் பாக்டீரியாவைக் குறைப்பதால் செரிக்காத மாவுச்சத்து அப்படியே தங்கி நீரை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீராகப் போகும். மருந்து நின்றதும் தானே அடங்கும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. முடிந்துபோன வயிற்றுப்போக்குக்கு இப்போது மூன்று மாதம் புரோபயாட்டிக் தேவையில்லை.

---

நுண்ணுயிர்மேசை (உணவு நுண்ணுயிரியல்)

மருத்துவர் சொன்னதோடு, அந்த லேபிளைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது எல்லாப் பெற்றோருக்கும் உதவும்.

"லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்" என்பது இனத்தின் பெயர் மட்டும். ஆய்வுகள் நடந்தது ராம்னோசஸ் ஜிஜி என்ற ஸ்ட்ரெயினில், அதன் சேமிப்பு எண் ஏடிசிசி 53103. அதேபோல் சாக்கரோமைசஸ் பௌலார்டி என்றால் சிஎன்சிஎம் ஐ-745, லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற இன்னொரு பாக்டீரியா என்றால் டிஎஸ்எம் 17938. இந்த எண் லேபிளில் இல்லையென்றால் உள்ளே இருப்பது ஆய்வில் பயன்பட்டதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே இனத்தின் இரண்டு ஸ்ட்ரெயின்கள் குடலில் ஒட்டுவதிலும் அமிலத்தைத் தாங்குவதிலும் வெகுவாக வேறுபடும். இன்னொன்று: 2020இல் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். புதிய பாக்கெட்டில் "லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ்" என்றோ "லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டரி" என்றோ இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய ஆள்தான். ஸ்ட்ரெயின் எண் மாறாது, அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து அளவு. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக் குடல் சங்கம் 2023இல் சொன்னது ஜிஜி அல்லது பௌலார்டி, நாளுக்கு 500 கோடி அல்லது அதற்கு மேல், அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் அன்றே. உங்கள் பாக்கெட்டில் ஐந்து வகைக்கும் சேர்த்தே 125 கோடி. எந்த வகை எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. சரிசமமாகப் பிரித்தாலும் ஒன்றுக்கு 25 கோடிதான் வரும். "தயாரிப்பின்போது" என்ற சொல்லையும் கவனியுங்கள். உறைநிலையில் உலர்த்திய பாக்டீரியா அலமாரியில் மாதாமாதம் செத்துக்கொண்டே இருக்கும். "காலாவதி நாள் வரை இவ்வளவு" என்று எழுதியிருப்பதே நம்பத் தகுந்தது.

பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். பவுடர் உதிரியாகக் கொட்ட வேண்டும். ஃபாயிலின் உட்பக்கத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டோ சிறு கட்டிகளாகவோ இருந்தால் ஈரம் புகுந்துவிட்டது. ஈரம் பட்டதும் உலர்ந்த செல் விழித்துக்கொள்ளும், அங்கே உணவு இல்லை, சாகும். அப்படிப்பட்டதைக் கொடுக்காதீர்கள்.

பாலில் கலப்பது: கையில் ஊற்றினால் சூடு தெரியாத அளவு, அதாவது 40 டிகிரிக்குள் சரி. 60 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான லாக்டிக் பாக்டீரியா போய்விடும். (பேசில்லஸ் கிளாசியை போன்ற வித்து வகைகள் சூட்டைத் தாங்கும், அது தனி ரகம்.) முழு பாட்டிலில் கலக்க வேண்டாம், குழந்தை பாதியில் நிறுத்தினால் பாதி மருந்து வீண். ஒரு ஸ்பூனில் குழைத்து உடனே கொடுங்கள். எண்ணெயில் வரும் ரியூட்டரி சொட்டுகளைப் பாட்டிலில் விட்டால் எண்ணெய் பாட்டில் சுவரிலும் நிப்பிளிலும் ஒட்டிக்கொள்ளும். அதைக் குலுக்கிவிட்டு ஸ்பூனில்தான் விட வேண்டும்.

பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் இன்னும் கவனம். பல பவுடர்களில் பால் புரதம் சிறிதளவு இருக்கும், பாக்டீரியாவை வளர்த்த ஊடகத்திலிருந்து வருவது.

தயிர் பற்றி: தயிரை உறைய வைக்கும் இரண்டு முக்கியப் பாக்டீரியாக்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். அவை லாக்டோஸைச் செரிக்க உதவும், அது நிரூபணமான பலன். வீட்டில் உறை ஊற்றும் தயிரில் எந்த ஸ்ட்ரெயின், எத்தனை கோடி என்று தெரியாது. அதனால் அதை மருந்தாகக் கணக்கில் கொள்ள முடியாது. நல்ல உணவாகத் தாராளமாகக் கணக்கில் கொள்ளலாம்: 100 கிராமில் சுமார் 60 கிலோ கலோரி, 3 கிராமுக்கு மேல் புரதம், 120 மி.கி. அளவில் கால்சியம். சர்க்கரை சேர்க்காததாக இருக்கட்டும்.

---

சான்றுதேடி

ஒரு மாற்றுக் கருத்து. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் ராம்னோசஸ் ஜிஜி, 1000 கோடி வீதம் தினம் இரண்டு வேளை, 5 நாள், 3 மாதம் முதல் 4 வயது வரை 971 குழந்தைகள். இரண்டிலுமே திடீர் வயிற்றுப்போக்கில் பலன் எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு 2020இல் அமெரிக்க இரைப்பைக் குடல் சங்கம் திடீர் வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளிடம் புரோபயாட்டிக் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அப்புறம் எதற்கு ஐரோப்பிய அளவுகளை இங்கே எழுத வேண்டும்?

---

மழலைநலம்

சான்றுதேடி சொல்வது சரி, இதை மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டு நோயையும் பிரித்துப் பாருங்கள். கிருமியால் வரும் திடீர் வயிற்றுப்போக்கில் ஐரோப்பியச் சங்கமே பலவீனமான பரிந்துரையாகத்தான் வைத்திருக்கிறது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் நிலை. நீருப்பு (ஓஆர்எஸ்), துத்தநாகம், உணவு ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு மீதியைப் பேசலாம். ஆன்டிபயாட்டிக்கோடு வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பது வேறு. அங்கே அளவு போதுமானதாக இருந்து முதல் நாளே தொடங்கினால் பலன் உண்டு என்று பல ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. கைக்குழந்தைகளின் ஓயாத அழுகைக்கு, தாய்ப்பால் குடிப்பவர்களிடம், ரியூட்டரி டிஎஸ்எம் 17938 நாளுக்கு 10 கோடி வீதம் குறைந்தது 21 நாள் என்பதற்கும் ஆதாரம் உண்டு. மலச்சிக்கலுக்கு இல்லை. ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். "குடலுக்கு நல்லது" என்ற பொதுப் பேச்சில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

---

தளிர்நடை

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. பாக்கெட்டைப் பார்த்தேன், ஸ்ட்ரெயின் எண் எதுவும் இல்லை. சாஷேயை நிறுத்திவிடுகிறேன். இரண்டு சந்தேகம். பாலைக் குறைத்தால் இருக்கும் எடையும் போய்விடாதா? அடுத்த முறை ஆன்டிபயாட்டிக் எழுதினால் என்ன செய்ய வேண்டும்?

---

கிண்ணமும் கரண்டியும் (குழந்தைகள் உணவியல்)

தோழி, உங்க முதல் பதிவுல இந்த 800 மி.லி. பாலைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. 9 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 750 கிலோ கலோரி அளவுக்குத் தேவை. 800 மி.லி. முழுக்கொழுப்புப் பால்லயே 500 போயிடும். வயிறு நிறைஞ்ச குழந்தை ஏன் சாப்பாட்டைத் தேடணும்? பசி இல்லாததுக்குக் காரணம் குடல் கெட்டதில்ல, பாட்டில்தான். இன்னொரு பெரிய குறை, பால்ல இரும்புச்சத்து இல்லைன்னே சொல்லலாம், இருக்கிற கொஞ்சமும் சரியா உறிஞ்சாது. கூடச் சாப்பிடுற உணவுல இருக்கிற இரும்பையும் பால்ல உள்ள கால்சியம் தடுக்கும். இரும்பு குறைஞ்சா பசி இன்னும் குறையும். அதனால ஹீமோகுளோபினும், உடம்புல சேமிச்ச இரும்பைக் காட்டுற ஃபெரிட்டினும் ஒரு தடவை பார்த்துடுங்க. இந்த வயசுல ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே இருந்தா ரத்தசோகை. இரும்பு மருந்தை மட்டும் நீங்களா தொடங்காதீங்க, எடைக்கேத்த அளவை மருத்துவர்தான் எழுதணும்.

பாலை 400 மி.லி.க்குக் கொண்டு வரணும், ஒரே நாள்ல இல்ல. முதல்ல ராத்திரி பாட்டிலைத் தொடுங்க, ஏன்னா அதுதான் காலைப் பசியைக் கொல்லுது, பல்லையும் கெடுக்குது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை 100 மி.லி. குறைங்க. பகல் பாலை டம்ளருக்கு மாத்துங்க, டம்ளர்ல குடிச்சா அளவு தானா குறையும். பாலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி கொடுக்கவே வேண்டாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ரெண்டரை மணி நேர இடைவெளி, நடுவுல தண்ணி மட்டும். முதல் மூணு நாலு நாள் அழுவா, சாப்பிடுற அளவும் உடனே அதிகமாகாது. அங்கதான் நிறைய பேர் பயந்து பாட்டிலைத் திரும்பக் கொடுத்துடறாங்க. அந்த நாட்கள்ல எடை 100 கிராம் இறங்கினாலும் பரவாயில்ல, திரும்ப வந்துடும்.

அளவுன்னு பார்த்தா 12 மாசத்துக்கு மேல மூணு வேளை, 250 மி.லி. கிண்ணத்துல முக்கால் கிண்ணத்துல இருந்து முழுக் கிண்ணம் வரைக்கும். நடுவுல ரெண்டு சிற்றுணவு. உங்க பொண்ணு இப்ப நாலைந்து ஸ்பூன்ல இருக்கா, அதனால கால் கிண்ணத்துல தொடங்குங்க, கேட்டா மறுபடி போடுங்க. முக்கியமானது கெட்டி. நீர்த்த கஞ்சி 100 கிராம்ல 30, 40 கிலோ கலோரிதான் இருக்கும், வயிறு ரொம்பிடும், எடை ஏறாது. ஸ்பூனைச் சாய்ச்சா வழியக் கூடாது, அப்படியே நிக்கணும். அந்தக் கெட்டிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ கலந்தா இன்னொரு 40 கிலோ கலோரி, அளவு கூடாமலே. தினம் ஒரு முட்டை, அதுல 6 கிராம் புரதம். இறைச்சி சாப்பிடுற வீடுன்னா நல்லா மசிச்சு வாரம் மூணு நாலு தடவை, ஈரல் வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு மட்டும், விட்டமின் ஏ மிதமிஞ்சிடும். சாப்பிடாத வீடுன்னா பருப்பு, கொண்டைக்கடலை மசியல் தினமும், கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ, விட்டமின் சி இரும்பை உறிஞ்ச வைக்கும். கடலையை முழுசாக் கொடுக்காதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். அரைச்சு, மத்த சாப்பாட்டுல மெல்லிசாக் கலந்து கொடுங்க.

ஒரு வேளைக்கு 20, 25 நிமிஷம். போதும்னு வாயை மூடினா எடுத்துடுங்க. திணிக்காதீங்க, ஃபோனைக் காட்டி ஊட்டாதீங்க. நோய் முடிஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாக் கொடுக்கணும்னு ஒரு வழக்கமான மருத்துவ அறிவுரை உண்டு. பாட்டில் குறைஞ்சு பசி திரும்பினதும் அதைத் தொடங்குங்க.

---

மழலைநலம்

அடுத்த ஆன்டிபயாட்டிக் பற்றி. முதலில் தேவைதானா என்று கேளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே காதுத் தொற்றுக்குப் பல நேரம் தேவைப்படும், சளிக்கு வேண்டாம். கிளாவுலனேட் சேர்ந்ததை உணவின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். சென்ற முறை வயிற்றுப்போக்கு வந்ததால், ஸ்ட்ரெயின் எண் போட்ட ஜிஜி அல்லது பௌலார்டியை முதல் நாளே தொடங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். ஜிஜி பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாட்டிக்குக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். பௌலார்டி ஈஸ்ட், ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. பூஞ்சை மருந்து கூடவே இருந்தால் மட்டும் அது வீணாகும்.

மருந்து முடிந்த பிறகு "குடலைத் திருப்பி நிரப்ப" மாதக்கணக்கில் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 2018இல் இஸ்ரேலில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் பல வகை கலந்த புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்புவது தாமதமானது. ஒன்றும் எடுக்காதவர்களுக்கு விரைவாகத் திரும்பியது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்: ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மி.லி. நீருப்புக் கரைசல், ஸ்பூன் ஸ்பூனாக. துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., 10 முதல் 14 நாள், நின்ற பிறகும் முடிக்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்தக் கூடாது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று. குறைமாதக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தை, நரம்பில் நீண்ட நாள் குழாய் வைத்திருக்கும் குழந்தை ஆகியோருக்குக் கடையில் வாங்கிப் புரோபயாட்டிக் கொடுக்கவே கூடாது. அந்த நுண்ணுயிரே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். 2023இல் ஒரு குறைமாதக் குழந்தை இப்படி இறந்த பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. குழாய் வைத்த குழந்தையின் படுக்கையருகே பௌலார்டி கேப்ஸ்யூலைத் திறப்பதுகூட ஆபத்து, பறக்கும் தூள் குழாயில் படிந்துவிடும்.

உங்கள் குழந்தைக்கு நான் பார்ப்பது: பால் குறைந்து 4 முதல் 6 வாரத்தில் எடை ஏறாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், தளர்ந்த மலம் 14 நாளைத் தாண்டினாலும், வயிறு உப்பலாகவே இருந்தாலும், மைனஸ் 2 கோட்டை நெருங்கினாலும் நேரில் காட்டுங்கள். அப்போது சிறுநீர்ப் பரிசோதனையும் சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

---

தளிர்நடை

புரிந்தது. இன்றிலிருந்து இரவு பாட்டிலில் தொடங்குகிறேன். எடையை வாரம் ஒருமுறை பார்க்கட்டுமா?

---

கிண்ணமும் கரண்டியும்

வாரம் வேண்டாம் தோழி, ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனசு கலங்கும். 4 வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதே தராசு, அதே நேரம், சாப்பாட்டுக்கு முன்னாடி, டயப்பர் இல்லாம. நனைஞ்ச டயப்பரே 200 கிராம் வரும். இந்த வயசுல மாசம் 200 கிராம் அளவுக்கு ஏறுறது சாதாரணம், விட்டதைப் பிடிக்கிற குழந்தை முதல் மாசம் அதைத் தாண்டும். நீளம் அளக்க ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் தலையைப் பலகையில ஒட்டிப் பிடிக்க, இன்னொருத்தர் முட்டியை அழுத்திப் பாதத்தை நேரா வைக்க. ரெண்டு வயசு முடிஞ்சதும் நிக்க வெச்சு அளப்பாங்க. அப்ப படுக்க வெச்சதைவிட 0.7 செ.மீ. குறைவாத்தான் வரும். உயரம் குறைஞ்சுபோச்சுன்னு அன்னைக்குப் பதறிடாதீங்க.